பூஜையில் வைத்த பம்புகள்

போர் விமானத்தை உடைப்பவர்கள் முதலில் அதன் கழுத்தை அறுக்கிறார்கள். விமானி அமரும் முன்பகுதியும் எஞ்சினைச் சுமக்கும் பின்பகுதியும் சேருமிடத்தை எங்கள் பட்டறையில் கழுத்து என்றுதான் சொன்னார்கள். சுழலும் வெட்டுத் தகடு அங்கே இறங்கும்போது இரும்பை அறுப்பதுபோலப் பொறி பறக்காது. அலுமினியம் பொறியைத் தராது, அலறலைத் தரும். அந்த அலறலுக்கு நெடுஞ்சாலையின் மறுபக்கம் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு முளையைச் சுற்றிவந்ததை நான் பார்த்தேன். பாதி அறுந்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பொக்லைனை விடுவார்கள். அதன் பற்கள் முதுகுத் தகட்டைக் கவ்வி இழுக்கும். ரிவெட்டுகள் வரிசையாகத் தெறிக்கும். குழாய்களில் தங்கியிருந்த சிவப்பு எண்ணெய் பீறிட்டு மண்ணில் ஓடும். முதல் நாள் அந்த எண்ணெய் முகத்தில் அடித்தபோது, வெட்டிக்கொண்டிருந்தவர் அதைத் தன் ரத்தம் என்றே நினைத்துக் கருவியைக் கீழே போட்டுவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

பட்டறை என் கணவரின் அண்ணனுடையது. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, டோல்கேட்டையும் தாண்டிச் சமயபுரம் போகும் வழியில் இருக்கிறது. ஊரார் அதைக் காயலான் கடை என்பார்கள். அண்ணன் பட்டறை என்பார். பழைய பஸ்கள், அரைவை மில்லின் கொதிகலன்கள், மூடிப்போன தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் எல்லாம் அங்கே வந்து துண்டுகளாகித் திரும்பிப் போகும். என் கணவர் விமானப்படையில் எஞ்சின் பிட்டராக இருந்தவர். நடு வயதிலேயே ஓய்வு பெற்று வந்து, அண்ணனுக்குத் துணையாகப் பட்டறையில் சேர்ந்தார். நான் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களில் இருவருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அவ்விதமாகத்தான் இந்தக் கொலைகளையெல்லாம் பார்க்கும்படி ஆயிற்று.

கொலை என்ற சொல்லை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை. விமானத்தின் மூக்கு டிரெய்லரில் பாலத்தின்மேல் வந்தபோது டவுன் பஸ்கள் நின்று வழிவிட்டன. நடந்து சமயபுரம் போய்க்கொண்டிருந்த மஞ்சள் சேலைப் பெண்ணொருத்தி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏலத்தில் எடுத்தது அண்ணன்தான். ஆனால் அந்த வகை விமானத்தின் எஞ்சின் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர் என் கணவர். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அறிந்தவர் அவர் ஒருவரே என்பதால், எங்கே வெட்டுவது என்று சாக்கட்டியால் கோடு போடும் வேலை அவருக்கு வந்தது. காலையில் கோடு போட்டுவிட்டு வெட்டும்போது பக்கத்தில் நிற்கமாட்டார். தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கேட்டால் வெயில் என்பார்.

விமானத்தை உடைப்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தகராறில்லை. தகராறு உதிரி பாகங்களால் வந்தது.

விமானத்தோடு சேர்ந்து மரப்பெட்டிகளும் லாரிகளில் வந்து இறங்கின. விமானம் ஓய்வு பெற்றால் அதன் உதிரி பாகங்களும் ஓய்வு பெறுகின்றன. பயன்படாமலே இருந்தாலும் அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் மெழுகுத்தாள், அதற்குள் கிரீஸ், அதற்குள் சற்றுமுன் செய்து வைத்ததைப்போலப் பளபளக்கும் சாமான். எல்லாவற்றையும் எவரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி உருக்குலைத்த பிறகே உருக்காலைக்கு அனுப்ப வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனை. அதை மேற்பார்வையிட ஓர் அதிகாரி வந்து தங்கியிருந்தார். சக்கரங்கள், மானிகள், வால்வுகள் எல்லாம் அவர் கண்முன்னே சம்மட்டியடி பட்டன. எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும் பம்புப் பெட்டிகள் மட்டும் மிஞ்சியிருந்தபோது பூஜை விடுமுறை வந்தது. ஊருக்குக் கிளம்பிய அதிகாரி என் கணவரின் தோளில் கைவைத்து, "நீங்க இருக்கீங்க, அது போதும். திரும்பி வந்து தூளைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அண்ணனின் தொழிலில் ஒரு முறை உண்டு: முழுதாக விற்கக்கூடியதை உடைக்கக்கூடாது. பழைய பஸ்ஸில் நல்ல கியர்பாக்ஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மற்றதில் கைவைப்பார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் தொழில் செய்தாராம். நல்ல பொருளை உடைப்பது அவருக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுவதைப் போன்றது. ஆகையால் ஒரு பம்பை மெழுகுத்தாளிலிருந்து பிரித்துக் கையில் ஏந்தியபோது, பெரிய தேங்காய் அளவிலிருந்த அந்தச் சாமானை அவர் பார்த்த பார்வையில் பேராசையைவிட வாஞ்சையே அதிகம் இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

"இதப் போயி உடைக்கச் சொல்றானுங்களே. குழந்த மாதிரி இருக்குடா."

"உடைக்கணும்ணே."

"ஒருத்தன் கேக்கறான். இன்ஜினியரிங் காலேஜுக்கு வேணுமாம், பசங்களுக்குக் காட்டறதுக்கு."

"காட்டறதுக்கு ஒண்ணு போதுமே. அம்புட்டுப் பெட்டியும் எதுக்கு? சரி, தாளோட, தேதி போட்ட அட்டையோட பிரிக்காம வேணும்னு கேட்டானா இல்லையா?"

அண்ணன் பம்பை மறுபடி மெழுகுத்தாளில் சுற்றத் தொடங்கினார். கேட்டிருக்கிறான் என்று எங்களுக்குப் புரிந்தது.

"அது எங்கயாவது ஒரு எஞ்சின்ல போயி உக்காரும்ணே" என்றார் என் கணவர். "இதே ரக விமானம் இன்னும் பறக்கற நாடு இருக்கு. தேதியை மாத்தி வித்துருவான்."

"எந்த நாட்டுக்காரனோ. அவன் உனக்கு மாமனா மச்சானா?"

என் கணவர் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தார் என்பதைச் சொல்ல, கல்யாணமான புதிதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு நான் வாங்கிவந்த கரும்பை அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சில வருஷங்கள் கழித்து, அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். வடக்கே ஒரு விமானத் தளத்தில், காலையில் கிளம்பிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சற்று தூரத்தில் கரும்புக் கொல்லையில் விழுந்தது. ஏணியில் ஏறி அந்த விமானிக்குத் தோள்வாரை இறுக்கிவிட்டு இறங்கியவர் இவர்தான். சிதறியதைப் பொறுக்கும் குழுவிலும் இவரைச் சேர்த்தார்கள். தோகைகள் எரிந்து, கரும்புகள் வெடித்து, கொல்லை முழுவதும் பாகு காய்ச்சும் மணம் வந்ததாம். அந்த மணத்துக்கு நடுவே ஒரு கையுறை கிடந்தது. எடுத்தபோது கனத்தது, உள்ளே விரல்கள் இருந்தன. கொடுத்திருந்த சாக்கில் போட மனம் வராமல் தன் தொப்பியில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். பிறகு நடந்த விசாரணையில், எரிபொருள் பம்பு உள்ளே நொறுங்கியிருந்தது தெரிந்தது. ஆயுள் முடிந்த பம்பு. எவனோ ஒரு தரகன் மேலே புதிய சாயம் பூசி, புதிய அட்டை கட்டிக் கைமாற்றியிருந்தான்.

இதை அண்ணனிடம் சொல்லுங்கள் என்று நான் அவரிடம் பலமுறை சொன்னேன். "அண்ணன்கிட்ட அழுவ முடியாது" என்பதுதான் பதில்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் இருவரும் பட்டறைக்குப் போனோம். கொட்டகையின் ஒரு பக்கத்தைக் கழுவிக் கோலமிட்டு, மேடைபோலப் பலகை போட்டிருந்தார்கள். சம்மட்டிகள், கடப்பாரைகள், ஸ்பேனர்கள், வெட்டும் கருவிகள், தராசு எல்லாம் எண்ணெய் போகத் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக இருந்தன. பட்டறையில் அடிப்பதற்குரிய எல்லாமே அங்கே தெய்வத்தின் முன் படுத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் மஞ்சள் துணி போர்த்தி, சாமந்தி மாலை சூட்டி, பம்புப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் சந்தனப் பொட்டு.

"இதுங்க ஏன் இங்க இருக்கு?" என்றார் என் கணவர்.

"பூஜையில வெச்சிருக்கேன். மறுபூஜை ஆவற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. உனக்குத் தெரியாததா?"

"ஏண்ணே, இது ஆயுதமா?"

"போர் விமானத்துச் சாமான். இதவிட ஆயுதம் வேற என்னடா இருக்கு?"

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். என் கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அவருக்கும் எனக்கும் அப்போதே புரிந்தது. பூஜையில் வைத்த பொருளை எங்கள் வீடுகளில் மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை முடியும்வரை தொடமாட்டோம். புத்தகத்தை வைத்தால் படிக்கமாட்டோம், அரிவாள்மனையை வைத்தால் காய் நறுக்கமாட்டோம். உடைக்க வேண்டிய பம்பும் பூஜையில் இருந்தது. உடைக்கும் சம்மட்டியும் பூஜையில் இருந்தது. மறுநாள் காலையில் வாங்குபவன் வருவான். மறுபூஜை முடிந்த கையோடு பெட்டிகள் அவன் வண்டியில் ஏறிவிடும். அண்ணன் கதவைப் பூட்டவில்லை, காவல் போடவில்லை. கற்பூரம் காட்டினார், அவ்வளவுதான்.

வாசலில் பூசணிக்காயை உடைத்தபோது, உடைத்தவர் தேவைக்கு மேல் ஓங்கி அடித்தார். குங்குமம் கரைந்த சதை என் கணவரின் வெள்ளை வேட்டியெங்கும் தெறித்தது. அவர் தட்டிவிடாமல் நின்றார்.

சுண்டல் கொடுத்து முடிந்தபின், பின்பக்கம் குழாயடியில் நானும் அண்ணனின் மனைவியும் பாத்திரம் கழுவினோம். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் சொல்லை மீறி ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். கரும்புக் கொல்லையைப் பற்றி நான் அவரிடம் சொன்னேன். கையுறையைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"செத்துப்போன அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"நிச்சயம் பண்ணியிருந்தாங்களாம் அக்கா."

"ம்" என்றார். விளக்கைக் கவிழ்த்து வைத்தார்.

விஜயதசமியன்று காலை நாங்கள் போனபோது பட்டறை வாசலில் ஒரு கார் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆட்கள் புதுத்துண்டு போட்டு நின்றார்கள். அண்ணன் வாட்சைப் பார்த்தபடி நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார்.

என் கணவர் நேராக மேடைக்குப் போய்ச் சம்மட்டியை நோக்கிக் குனிந்தார். ஓர் ஆள் குறுக்கே வந்தார். "சார், பூஜையில இருக்கு சார். தொடாதீங்க சார், ஆவாது."

என் கணவரின் கை நின்றது. அவர் நம்பிக்கை உள்ளவர். தினமும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடாமல் வேலைக்குக் கிளம்பாதவர். குனிந்தபடியே நின்றார்.

"எடேன் பாப்போம்" என்றார் அண்ணன். "அப்பா புடிச்ச சம்மட்டி அது. பொட்டு வெச்சிருக்கு. எடுத்து அடி. ஏரோப்ளேன்ல தொங்கிட்டு வந்தவனுக்குச் சாமி என்ன, பூதம் என்ன."

"வேணாம்ணே. அந்த ஆள அனுப்பிச்சிருங்க."

"உன்னைய அனுப்பறேன்டா முதல்ல. திங்கறது என் சோறு, பேசறது கவுருமெண்டு பேச்சு."

அப்போது அக்கா தட்டோடு வந்தார். குளித்த தலையில் துண்டு சுற்றியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் கற்பூரத்தை ஏற்றி, மேடைக்கு மூன்று சுற்றுக் காட்டினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் சம்மட்டியைப் பிடித்து வடக்குப் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தினார். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக வடக்கே நகர்த்தினார். பூஜை முடிந்ததற்கு எங்கள் வீடுகளில் அதுதான் அடையாளம். விளக்கேற்றிய கை நகர்த்தினால் முடிந்தது முடிந்ததுதான்.

"மறுபூஜை ஆயிருச்சு. எடுத்துக்குங்க தம்பி."

"நல்ல நேரம் இன்னும் வரலடி" என்றார் அண்ணன்.

"வந்தா நீங்க தனியா ஒண்ணு பண்ணிக்கங்க."

என் கணவர் சம்மட்டியை எடுத்தார். பெட்டியின் மூடியைக் காலால் மிதித்துப் பெயர்த்து, பம்பைச் சிமெண்ட் தரையில் உருட்டி, தலைக்கு மேலே ஓங்கி அடித்தார். முதல் அடிக்குப் பம்பு துள்ளி ஓடியது, துரத்திப்போய் அடித்தார். வார்ப்பு பிளந்தது. அடுத்ததை எடுத்தார். பல வருஷங்கள் கையில் ஏந்தி, துடைத்து, பொருத்திய அதே வகைப் பம்புகளை, பாம்பை அடிப்பதைப்போல அடித்தார். வாயிலிருந்து ஒலி வந்தது. அது சொல்லாக இல்லை. உலோகச் சில்லொன்று அவர் நெற்றியைக் கிழித்தது; ரத்தம் புருவத்தில் இறங்கியது; அவர் துடைக்கவில்லை.

அண்ணன் ஜாக்கி ராடை எடுத்ததை நான் பார்த்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். சம்மட்டி மேலே போயிருந்த நேரத்தில் ராடு என் கணவரின் வலக்கையில் விழுந்தது. காய்ந்த மட்டை ஒடிவதைப் போன்ற சத்தம். முழங்கைக்குக் கீழே, மடங்கக்கூடாத ஓரிடத்தில் கை மடங்கியது. சம்மட்டி அவர் பின்னால் விழுந்தது. ராடு மறுபடி உயர்ந்தது, இம்முறை தலைக்கு. ஆட்கள் பாய்ந்து அண்ணனைப் பிடித்தார்கள். அவர் ஒருவரின் தோளைக் கடித்தார். இன்னொருவரை முழங்காலால் வயிற்றில் இடித்தார். நால்வராகச் சேர்ந்து அவரை மண்ணில் அழுத்திப் பிடித்தார்கள். சிவப்பு எண்ணெய் ஊறிய மண் அவர் வாயெல்லாம் ஒட்டியிருந்தது. வெளியே கார் பின்னால் எடுத்துத் திரும்பும் ஓசை கேட்டது. உள்ளே இருந்தவர் இறங்கக்கூட இல்லை.

உடைந்த பெட்டியின் பலகைகள் இரண்டை எடுத்து, கையின் இருபக்கமும் வைத்து, என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். கட்டும்போது எலும்பு என் விரலுக்கடியில் நகர்ந்தது. அவர் முகம் சாம்பலாகியிருந்தது. எழுந்திருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"இன்னும் பெட்டி மிச்சம் இருக்கு" என்றார். "அது உடையாம நான் எந்திரிக்க மாட்டேன்."

யாரும் நகரவில்லை. ஆட்கள் முதலாளியைப் பார்த்தார்கள். பிடி தளர்ந்திருந்தது, அண்ணன் மண்ணில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் கையைப் பார்த்தார். அந்தக் கை இருந்த கோணத்தைப் பார்த்தார்.

"செத்துப்போயிருவடா. போய்த் தொலை, ஆஸ்பத்திரிக்குப் போ."

"இன்னைக்கு விட்டா நாளைக்கு அவன் திரும்ப வருவான். நீங்க குடுப்பீங்க."

"குடுக்க மாட்டேன்."

"குடுப்பீங்க. எனக்கு உங்களத் தெரியும். உடைங்கண்ணே."

அண்ணன் எழுந்தார். சம்மட்டியை எடுத்தார். ஒரு கணம், அவர் எதை அடிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவரின் முன் குனிந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். அடி தரையில் விழுந்தது. ஒரே அடியில் பம்பு இரண்டாகப் பிளந்தது. அண்ணன் குனிந்து, உள்ளே பொருந்தியிருந்த கருப்பு ரப்பர் வளையத்தைப் பிடுங்கி இழுத்தார். அது நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்தது.

"பாத்தியா? நல்லாத்தானேடா இருக்கு. நல்ல சாமானைக் கொல்ல வெக்கிறியே."

"அடுத்தது."

அடுத்ததை உடைத்தார். வளையத்தில் விரல் பட்டதும் அது மக்கிய இலைபோல நொறுங்கிக் கருந்தூளாக உதிர்ந்தது. அண்ணன் அந்தத் தூளை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். மூன்றாவது நன்றாக இருந்தது. அதற்கடுத்தது உதிர்ந்தது. நல்லதும் கெட்டதும் ஒரே மெழுகுத்தாளில், ஒரே பளபளப்போடு இருந்தன. அதன்பின் அவர் வளையங்களைச் சோதிக்கவில்லை. அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு: தம்பியை, பெண்டாட்டியை, காரில் வந்தவனை, செத்துப்போன அப்பாவை. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அவருக்கு மூச்சில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து சம்மட்டிக் காம்பில் ஒட்டியிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் கொடுக்கவில்லை.

திருச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டியவர் அண்ணன்தான். எலும்பு டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டபோது, கீழே விழுந்துவிட்டேன் என்றார் என் கணவர். "நான்தான் அடிச்சேன்" என்றார் அண்ணன், கதவோரத்தில் நின்று. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் இரண்டையும் மறுக்கவில்லை. தகடு வைத்து மூட்டினார்கள். அந்தக் கையை அவரால் இன்றும் முழுதாக நீட்ட முடிவதில்லை. கொடியில் துணி உலர்த்துவது இப்போது என் வேலை.

அதிகாரி திரும்பிவந்து குவியலைக் கிளறிப் பார்த்தார். கட்டுப்போட்ட கையையும் பார்த்தார். கேட்காமல் கையெழுத்திட்டார்.

உருக்காலைக்கு லாரி கிளம்பிய நாளில் அண்ணன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதாக அக்கா போன் செய்து சொன்னார். சரக்கோடு கூடவே போவது அவர் வழக்கமில்லை. என்ன ஏது என்று கேட்டதற்கு, வழியில் எவனாவது பொறுக்கிவிடுவான் என்றாராம். அன்று நானும் என் கணவரும் வீட்டில்தான் இருந்தோம். நான் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இடக்கையால் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னணியில் உலையின் இரைச்சல். அதற்கு மேல் அண்ணனின் குரல்.

"உருக்கி ஊத்திட்டாங்கடா. பாத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரிண்ணே" என்றார் என் கணவர். மறுமுனையில் போனை வைக்கவில்லை. இவரும் வைக்கச் சொல்லவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டபடி, என் கையிலிருந்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.